ஓனர் மேலேதான் இருக்கணும்

ஓசூரில் ஒரு வழக்கம் உண்டு. வேறு ஊர்களிலும் இருக்கலாம், நான் பார்த்தது இங்கேதான். வெளியூரிலிருந்து ஆலை வேலைக்கு வந்தவர் முப்பதுக்கு நாற்பது மனை ஒன்றை எப்படியோ வாங்கிவிடுவார். முதலில் தரைத்தளம் கட்டிக் குடியேறுவார். சில வருஷங்களில் கொஞ்சம் கை நிமிர்ந்ததும் மேலே ஒரு மாடி எழுப்புவார். எழுப்பியதும் கீழ்வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டுக் குடும்பத்தோடு மாடிக்குப் போய்விடுவார். அடுத்த மாடி எழும்பினால் அதற்கும் அப்படியே. புதுசில் ஓனர், பழசில் குடித்தனக்காரர். ஆக, இந்த ஊரில் மனிதர்களுக்கு வயசு ஏற ஏற வீடும் ஏறிக்கொண்டே போகும். முட்டி தேயத் தொடங்குகிற வயசில் சரியாக மொட்டைமாடிக்குப் பக்கத்தில் போய்ச் சேர்ந்திருப்பார்கள்.

இதில் இருக்கிற கோளாறு கட்டும்போது யாருக்கும் தெரிவதில்லை. என் அப்பா அம்மாவுக்கும் தெரியவில்லை. எனக்கு அது புரிந்து நான் கத்த ஆரம்பித்தபோது கேட்க ஆளில்லை.

அப்பா கோவில்பட்டிப் பக்கத்துக்காரர். ஐ.டி.ஐ. முடித்த கையோடு இங்கே ஒரு ஆலையில் மெயின்டனன்ஸ் பிரிவில் சேர்ந்தவர். நானும் அண்ணனும் வளர்ந்தது தரைத்தளத்தில். நான் பிளஸ் டூ படிக்கும்போது முதல் மாடி வந்தது. அப்பா ரிட்டயராகி, எனக்குக் கல்யாணமாகி நான் கிருஷ்ணகிரிக்குப் போன பிறகு இரண்டாவது மாடி. அது இரண்டாயிரத்துப் பத்து வாக்கில். பெங்களூர் பக்கத்தில் இருக்கிறது, நிலம் ஏறுகிறது, வாடகை ஏறுகிறது என்று ஊரே சிமென்ட் குழைத்துக்கொண்டிருந்தது. அப்பாவும் குழைத்தார். ரிட்டயரான மனுஷன் முதல் காரியமாகச் செய்தது, பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு இன்னும் ஒரு மாடி மேலே ஏறியதுதான்.

அதோடும் விடவில்லை. மேலே தூண்களின் உச்சியில் கம்பிகளை நீட்டி விட்டுவைத்தார், மூன்றாவது மாடிக்கு. அது அண்ணனுக்காம். அண்ணனோ புனேயில் லிஃப்ட் வைத்த குடியிருப்பில் சொந்தமாக வாங்கி, அங்கேயே பெண்ணும் எடுத்து, ஓசூரை எப்போதோ மறந்துவிட்டான். அப்பா மட்டும் வருஷம் தவறாமல் மழைக்கு முன்னால் மொட்டைமாடிக்குப் போய், அந்தக் கம்பிகள் துருப்பிடிக்காமலிருக்கச் சிமென்ட் பால் தடவிவிட்டு வருவார். யாரும் வரப்போகாத மாடிக்கு அவ்வளவு பராமரிப்பு.

மாடிப்படியைப் பற்றிச் சொல்ல வேண்டும். மனையில் இடம் வீணாகக் கூடாது என்று காம்பவுண்டுச் சுவருக்கும் வீட்டுக்கும் நடுவில் செருகின படி அது. குறுகல், செங்குத்து. ஒரு பக்கம் வீட்டுச் சுவர், இன்னொரு பக்கம் வெறும் காற்று. கைப்பிடி கிடையாது. "மூணாவது மாடி ஏத்தும்போது சேத்துப் போட்டுக்கலாம். இப்பப் போட்டா அப்பக் கழட்டணும், ரெட்டை வேலை" என்பார் அப்பா. கேட்டால் நியாயமாகத்தான் இருக்கும். அவர் சொல்வது எதுவும் கேட்கும்போது நியாயமாகத்தான் இருக்கும்.

ஆலையில் அவருக்கு இருந்த மரியாதையே வேறு. பிரேக்டவுன் ஆன பிறகு ஓடிப்போய் நிற்பது வேலையே இல்லை, ஆவதற்கு முன்னால் போக வேண்டும் என்பது அவருடைய கட்சி. ஸ்க்ரூ டிரைவரின் நுனியை ஓடுகிற மெஷின் மேல் வைத்து, பிடியைக் காதோடு ஒட்டிக் கேட்பாராம். உள்ளே பேரிங் எத்தனை நாள் தாங்கும் என்று சொல்லிவிடுவாராம். வீட்டிலும் மிக்ஸிக்கும் தண்ணீர் மோட்டாருக்கும் அந்த வைத்தியம் நடக்கும். அம்மா படியேறும்போது அவள் முட்டியிலிருந்து வந்த சத்தத்தைக் கேட்க ஸ்க்ரூ டிரைவரே தேவையில்லை, அடுப்படியில் இருந்தாலே கேட்கும். அது மட்டும் அவர் காதில் விழவில்லை.

அம்மா ஒரே நாளில் இறங்குவதை நிறுத்திவிடவில்லை. நிறுத்தியிருந்தால் எல்லாருக்கும் உறைத்திருக்கும். முதலில் வெள்ளிக்கிழமைக் கோயில் நின்றது, "வீட்டிலயே விளக்கேத்திக்கிடுதேன்" என்றாள். அடுத்து உழவர் சந்தை. "உங்கப்பாதான் நல்ல காயாப் பாத்து வாங்குதாரே." அதன் பிறகு பக்கத்துத் தெருக் கல்யாணங்கள். அவளாகவே ஒவ்வொன்றையும் கழற்றி வைத்தாள், அதை நாங்களும் ஓய்வு என்று நினைத்துக்கொண்டோம். டாக்டர் ஒருவர் ரெண்டு முட்டியையும் அமுக்கிப் பார்த்துவிட்டு, மாடிப்படி ஆகவே ஆகாது, கீழ்வீட்டுக்கு வந்துவிடுங்கள் என்றார். அம்மா வெளியே வந்து, "அவரு வீடா, நம்ம வீடா?" என்றாள். கைத்தடி வாங்கிக் கொடுத்தேன். அது கதவுக்குப் பின்னால் ஒட்டடை அடிக்கப் போனது. உட்கார்ந்து போகிற கக்கூஸ் வைக்கலாம் என்றேன். மூன்று நாள் என்னோடு பேசவில்லை.

எதற்கும் ஒரே பதில்தான் வைத்திருந்தாள்: "வேணும்னா இறங்கிட மாட்டேனா?"

அந்த வேணும்னா வரவேயில்லை. ஏனென்றால் அப்பா வர விடவில்லை. கேஸ் சிலிண்டரை அறுபது தாண்டிய தோளில் வைத்து இரண்டு மாடி ஏறுவார். கேனில் தண்ணீர், அரிசி மூட்டை, அம்மாவுக்கு மாத்திரை, எல்லாம் அவர்தான். படியில் தடதடவென்று அவர் ஏறுவது தெருமுனை வரை கேட்கும். அவர்களுடைய முதுமைக்கான ஏற்பாடு என்று ஒன்று இருந்ததென்றால் அது அப்பாவின் கால்கள்தான். அதற்கு மாற்று எதுவும் அவர்கள் யோசிக்கவில்லை.

பிறகு கூடை வந்தது. இரண்டாவது மாடிப் பால்கனியின் கைப்பிடிச் சுவரிலிருந்து ஒரு இரும்புக் கையை வெளியே நீட்டி, அதில் கப்பி மாட்டி, நைலான் கயிற்றில் ஒரு பிளாஸ்டிக் கூடையைக் கட்டிவிட்டார் அப்பா. ஆலையில் பெரிய மோட்டார்களைத் தூக்கி இறக்கின கை. வேலை சுத்தமாக இருந்தது. கப்பிக்கு கிரீஸ் போட்டு, கயிறு பக்கவாட்டில் நழுவாமலிருக்கத் தகடு வைத்து, எனக்கு ஓட்டிக் காட்டியபோது முகமெல்லாம் பூரிப்பு. "பாத்தியாம்மா? இனி உங்கம்மா இறங்கவே வேண்டாம்."

இறங்கவே வேண்டாம். எனக்கு அந்தக் கூடையைப் பார்க்கவே பிடிக்கவில்லை. ஆனால் அம்மாவுக்குக் கூடை பிடித்துப்போனது. காலையில் தள்ளுவண்டிக்காரன் "சொப்பு, சொப்பு" என்று கன்னடத்தில் கீரையைக் கூவிக்கொண்டு வருவான். அம்மா மேலிருந்து தமிழில் பேரம் பேசுவாள். அவன் கீழிருந்து கன்னடத்தில் அழுவான். தெருவே கேட்கும்படி பேரம் படிந்த பிறகு கூடை இறங்கும். கீரை வாடலாக இருந்தால் அதே கூடையில் திரும்பி இறங்கும். எந்த வீட்டுக்கு யார் வருகிறார்கள், எந்தப் பையன் எந்தப் பெண்ணின் ஷேர் ஆட்டோவுக்குக் காத்திருக்கிறான் எல்லாம் அவளுக்கு அத்துப்படி. தெருவை அவளைவிட நன்றாகத் தெரிந்தவர் இல்லை. அந்தத் தெருவில் காலை வைத்து மட்டும் வருஷங்கள் ஆகிவிட்டன.

தரைத்தளத்தில் குடியிருந்தவரை நாங்கள் பேரிகை அக்கா என்போம். ஊர் பேரிகை. வீட்டுக்குள் தெலுங்கு, தள்ளுவண்டிக்காரனிடம் கன்னடம், எங்களிடம் தமிழ். ஊரிலிருந்து தக்காளி வந்தால் முதல் கிலோ எங்கள் கூடையில் ஏறும். ஒரு நாள் நான் போயிருந்தபோது அவராகவே மேலே வந்து, வாசலிலேயே நின்றுகொண்டு அப்பாவிடம் சொன்னார். "சார், நீங்க ரெண்டு பேரும் கீழ வந்துருங்க. நாங்க மேல போயிர்றோம். அதே வாடகை, அதே கரண்டு பில்லு. எங்களுக்குக் காலு நல்லாத்தான் இருக்குது."

எனக்கு அவரைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. அப்பா சிரித்தார். "அதெல்லாம் எதுக்கும்மா? நீங்க பாட்டுக்கு இருங்க. இவளுக்கு ஒண்ணுமில்ல, நடக்காமலே இருக்கா, அதான் பிடிச்சுக்கிட்டது. சானமாவுக் காட்டுல யானை அந்தத் தண்டிக்கு இருந்துட்டு மேடு ஏறி இறங்குது. இவளுக்கு என்ன?"

அம்மாவும் சேர்ந்து சிரித்தாள். பேரிகை அக்கா என்னைப் பார்த்தார். நான் அவர் இறங்கிப் போகும்வரை பொறுத்திருந்து, பிறகு அப்பாவைப் பிடித்துக்கொண்டேன்.

"பிரேக்டவுன் ஆகறதுக்கு முன்னால போகணும்னு ஊருக்கெல்லாம் சொன்னது யாருப்பா? வீட்டுக்கு மட்டும் ஆனப்புறம் பாத்துக்கலாமா?"

"மெஷினை நிறுத்தி வச்சுப் பாக்கலாம்மா. மனுசனை நிறுத்தி வச்சா அப்புறம் எங்க ஓடறது?"

"யாரு உங்களை நிறுத்தச் சொன்னா? கீழ இருங்கன்னுதானே சொல்றேன்."

"கீழ போயிட்டா கெழவன் கெழவி ஆயாச்சுன்னு அர்த்தம். அப்புறம் தலைக்கு மேல குடித்தனக்காரங்க நடப்பாங்க, நாம படுத்துக்கிட்டுக் கேட்டுட்டு இருக்கணும். ஓனர் மேலதான் இருக்கணும்."

"உங்க ரெண்டு பேர்ல ஒருத்தருக்கு ஏதாவது ஆனா?"

"ஆகும்போது பாப்போம்."

நான் அழுதுவிட்டேன். கோபத்தில் அழுகிறவள் நான், அது அவர்களுக்குத் தெரியும், அதனால் அதற்கு மதிப்பில்லை. துணைக்கு அம்மாவைப் பார்த்தேன். கோபம் வந்தால்தான் அவளுக்கு ஊர்ப்பேச்சு முழுசாகத் திரும்பும். "ஏட்டி, அவருகிட்ட எதுக்கு மல்லுக்கு நிக்க? எனக்கு மேலதான் காத்து வருது. வேணும்னா இறங்கிட மாட்டேனா?" என்றாள். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அப்பா அம்மாவை மேலே பிடித்துவைத்திருக்கிறார் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது தப்பு. அவர்கள் ரெண்டு பேரும் ஒரே கட்சி, நான்தான் எதிர்க்கட்சி.

பஸ்ஸில் கிருஷ்ணகிரிக்குத் திரும்பும்போதெல்லாம் யோசித்திருக்கிறேன். முட்டாள்கள் இல்லை அவர்கள். எனக்கும் அண்ணனுக்கும் படிப்பு, கல்யாணம், பிரசவம் என்று எல்லாவற்றையும் பத்து வருஷம் முன்னாலேயே கணக்குப் போட்டவர்கள். தங்கள் முதுமை மட்டும் எப்படிக் கண்ணில் படாமல் போனது? பிறகு எங்கள் தெருவை நினைத்துப் பார்த்தேன். எங்கள் தெருவில் கிழவர்களே கிடையாது. எல்லாரும் இருபது, இருபத்தைந்து வயசில் ஒரே சமயத்தில் வேலைக்கு வந்தவர்கள். ஒரே வருஷங்களில் கல்யாணம், ஒரே வருஷங்களில் எங்களைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள், ஒரே வருஷங்களில் ரிட்டயர். அவரவர் தாய் தகப்பன் எங்கோ தெற்கே தனியாக வயசாகி, தனியாக விழுந்து, தனியாகப் போனார்கள். இவர்களுக்குத் தந்திதான் வந்தது. என் தாத்தா படுக்கையில் கிடந்த இரண்டு வருஷத்தில் அப்பா லீவு போட்டுப் போய்ப் பார்த்தது நாலு நாள் இருக்கலாம். ஒரு மனுஷனுக்கு எப்படி வயசாகிறது, முதலில் எது போகும், அடுத்து எது போகும் என்று கூட இருந்து பார்த்தவர்கள் இல்லை அவர்கள். முதுமை என்றால் அவர்களுக்குத் தந்தியில் வருகிற ஒரு வரி. அதற்காக அவர்கள் மேல் எனக்கு இருந்த கோபம் குறைந்ததா என்றால், இல்லை. பாவமும் கூடச் சேர்ந்துகொண்டது, அவ்வளவுதான்.

நடுவில் ஒரு முறை அண்ணன் வந்து அவர்களைப் புனேக்கு ஒரு மாசம் கூட்டிப்போனான். போகும்போது அம்மாவை எப்படி இறக்கினார்கள் என்று கேட்காதீர்கள், அண்ணன் முன்னாலும் அப்பா பின்னாலுமாகத் தாங்கி இறக்குவதற்குள், பெங்களூரில் பிடிக்க வேண்டிய ரயிலையே தவறவிட்டிருப்பார்கள். திரும்பி வந்து மேலே ஏறின பிறகு அம்மா இரண்டு நாள் எழுந்திருக்கவில்லை. ஆனால் போனில் என்னிடம் புனேயைப் பற்றிச் சொன்னதெல்லாம் ஒரே விஷயம்தான். "அங்க லிஃப்ட்டு இருக்குட்டி. பொத்தானை அமுக்குனாப் போதும், தரை வந்துருது. தெனமும் ரெண்டு வேளை போயி புல்லுல நின்னுட்டு வருவேன்." நின்றுவிட்டு வருவாளாம். நடக்கக்கூட இல்லை. அதை அவள் சொன்ன குரலைக் கேட்டதும், வேணும்னா இறங்கிடுவேன் என்பதில் எவ்வளவு உண்மை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. இறங்க வேண்டும் என்று அவளுக்குத் தினமும் இருந்திருக்கிறது.

அடுத்த தை மாதம் பேரிகை அக்காவின் மகளுக்கு வளைகாப்பு. வீட்டு முன்னால் தெருவை அடைத்துப் பந்தல். அந்தப் பெண் எங்கள் வீட்டில் தவழ்ந்து வளர்ந்தவள், அம்மாவின் மடியில் சோறு தின்றவள். அம்மா புதுச்சேலை கட்டி, தலை சீவி, பூ வைத்து, மேலே கைப்பிடிச் சுவரோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாள். வளையல் தட்டு கூடையில் ஏறி வந்தது. அம்மா தொட்டுக் கொடுத்து இறக்கினாள். எல்லாரும் அட்சதை போடும்போது அவளும் மேலிருந்து போட்டாள். அது பந்தல் துணி மேல் விழுந்து அங்கேயே தங்கிவிட்டது. கீழே மணையில் உட்கார்ந்திருந்த பெண்ணுக்குப் பந்தலைத் தாண்டி அம்மாவைத் தெரியாது. ஆனாலும் அவள் கையெடுத்து மேல்பக்கமாகக் கும்பிட்டாள். நான் அப்பாவைத் தேடினேன். அவர் பந்திக்கு இலை போட்டுக்கொண்டிருந்தார்.

அந்த வருஷமே ஆவணியில் அப்பா போனார். காலையில் உழவர் சந்தைக்குப் போனவர், வெங்காயம் பொறுக்கிக்கொண்டிருக்கும்போதே உட்கார்ந்துவிட்டாராம். பக்கத்திலிருந்தவர்கள் ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது. அதுவரை ஒரு நாளும் படுத்தவர் இல்லை. அவர் ஏற்பாட்டில் இது இல்லை. எனக்குப் போன் வந்து, கிருஷ்ணகிரியிலிருந்து பஸ் பிடித்து, ஆஸ்பத்திரிக்குப் போய், கையெழுத்துப் போட்டு, அவரை வேனில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வரும்போது மத்தியானம். அம்மாவிடம் பேரிகை அக்கா மேலே போய்ச் சொல்லியிருந்தார்.

வேன் தெருவில் திரும்பும்போது நிமிர்ந்து பார்த்தேன். அம்மா மேலே கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். தெருவில் யார் வந்தாலும் பார்ப்பாளே, அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். வேன் கதவைத் திறந்து அவரை இறக்கியதையும் அங்கிருந்தேதான் பார்த்தாள். ஐஸ் பெட்டியை மேலே கொண்டுபோக வழியே இல்லை. படி திரும்புகிற இடத்தில் அது நிற்கக்கூட முடியாது. போர்ட்டிகோவில், பேரிகை அக்கா வீட்டு வாசலில், அப்பாவைக் கிடத்தினோம். ஓனர் கீழேதான் இருந்தார்.

மேலே போனேன். அம்மா அழவில்லை. "எப்படி இறங்க?" என்றாள். அத்தனை வருஷத்தில் அவள் அதைக் கேட்டது அதுதான் முதல் தடவை.

முதல் மாடியில் வாடகைக்கு இருந்த இரண்டு பையன்கள், ஆலையில் கான்ட்ராக்ட் வேலை பார்க்கிறவர்கள், பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவந்தார்கள். அம்மாவை அதில் உட்காரவைத்து ஆளுக்கொரு பக்கம் தூக்கினார்கள். முதல் படியிலேயே நாற்காலி திறந்த பக்கமாகச் சாய்ந்தது. அம்மா அலறிவிட்டாள். கீழே இருந்தவர்கள் எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள். "விடுங்கப்பா, விடுங்க. நானே வாரேன்" என்று இறங்கி, படியில் அப்படியே உட்கார்ந்தாள்.

உட்கார்ந்துதான் வந்தாள். ரெண்டு கையையும் படியில் ஊன்றி, உடம்பைத் தூக்கி, அடுத்த படியில் வைப்பாள். பிறகு காலைக் கையால் எடுத்து கீழ்ப்படியில் வைப்பாள். பேரிகை அக்கா முன்னால் அவளைப் பார்த்தபடி பின்பக்கமாக இறங்கினார். நான் மேல்படியில் அவள் கக்கத்தில் கைகொடுத்துப் பிடித்துக்கொண்டு வந்தேன். நாற்காலி தூக்கிய பையன்களில் ஒருவன் அந்தத் திறந்த பக்கத்தில், அவளை ஒட்டி, அவளைப் போலவே உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினான். அந்த மாடிப்படிக்கு முதல் முறையாகக் கைப்பிடி வந்தது அன்றைக்குத்தான்.

வெயில் ஏறியிருந்தது. படி சுட்டது. அம்மாவின் சேலை முட்டிக்கு மேல் ஏறியது. "எல்லாரும் பாக்காவ" என்றாள் மெதுவாக. நான் இழுத்துவிட்டேன். வீங்கி, தோல் பளபளத்து, வளைந்து போயிருந்த முட்டிகள். அவ்வளவு கிட்டத்தில் நான் அவற்றைப் பார்த்ததில்லை. முதல் மாடித் திருப்பத்தில் தண்ணீர் குடித்தாள். கீழே யாரோ ஒருவர், பாவம் அந்தம்மா, எடுக்கும்போது மேல இருந்தே பாத்துக்கட்டுமே என்றார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த ஆளை அடித்திருப்பேன். அம்மாவுக்கும் கேட்டது. அடுத்த படிக்குக் கையை ஊன்றினாள்.

கடைசிப் படியில் நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து அவளைத் தூக்கி நிறுத்தினோம். செருப்பு இல்லை. வெறுங்காலோடு தரையில் நின்றாள். ஒரு நிமிஷம் காலடியைப் பார்த்தாள். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு போர்ட்டிகோவுக்கு நடந்து வந்து, ஐஸ் பெட்டியின் கண்ணாடி மேல் உள்ளங்கையை வைத்தாள்.

"இறங்கிட்டேன், பாருங்க" என்றாள்.

அதன் பிறகுதான் அழுதாள். அப்படி ஒரு அழுகையை நான் கேட்டதில்லை.

அம்மாவை மறுபடி மேலே ஏற்றவில்லை. யார் ஏற்றுவது? காரியம் முடிந்ததும் பேரிகை அக்கா நாங்கள் கேட்காமலே தன் சாமான்களைக் கட்ட ஆரம்பித்துவிட்டார். முன்பு சொன்னதையே இப்போதும் சொன்னார், எங்களுக்குக் காலு நல்லாத்தான் இருக்குது என்று. அண்ணன் இரண்டு நாள் இருந்து பீரோவையும் கட்டிலையும் அந்தப் பையன்களோடு சேர்ந்து இறக்கிவிட்டு, லீவு இல்லை என்று புனேக்குப் போனான். சில்லறைச் சாமான்கள் மிச்சம். அதை நான் மேலே நின்று கூடையில் இறக்கினேன்.

அம்மா கீழே போர்ட்டிகோவுக்கு வெளியே, கூடை இறங்குகிற இடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். அவள் கீழே, நான் மேலே. அவள் அடுக்களை கூடையில் இறங்கியது. அஞ்சறைப் பெட்டி, தோசைக்கல், பருப்பு டப்பாக்கள், மடித்த சேலைகள், சாமி படங்கள். அவள் ஒவ்வொன்றாக எடுத்துப் பக்கத்தில் வைத்துவிட்டு வெறுங்கூடையை ஆட்டிக் காட்டுவாள், நான் இழுத்துக்கொள்வேன். கப்பி ஒரு சத்தமும் போடவில்லை. அப்பா கிரீஸ் போட்டு வைத்திருந்தார். அவர் சட்டைகளை இறக்கியபோது அவள் பார்க்காமல் எடுத்து ஓரமாக வைத்தாள். அலமாரியில் அந்த நீளமான ஸ்க்ரூ டிரைவர் கிடந்தது. அதையும் கூடையில் போட்டேன். அதை மட்டும் மடியில் வைத்துக்கொண்டாள்.

வெறும் வீட்டில் நின்று சுற்றிலும் பார்த்தேன். கதவுக்குப் பின்னால் ஒட்டடையோடு கைத்தடி இருந்தது. அதையும் தட்டித் துடைத்து இறக்கினேன். அம்மா எடுத்து நாற்காலிக் கையில் சாய்த்து வைத்தாள். மேலே மொட்டைமாடியில் கம்பிகள் நீட்டிக்கொண்டு நின்றன. அந்த வருஷம் மழைக்கு முன்னால் அப்பா தடவின சிமென்ட் பால் அப்படியே வெளுப்பாக இருந்தது.

"மேல இன்னும் என்ன இருக்கு?" என்று அம்மா கீழிருந்து கத்தினாள்.

"ஒண்ணுமில்லம்மா."

"அப்பக் கதவச் சாத்திட்டு நீயும் வா."

பூட்டிவிட்டுப் படிக்கு வந்தேன். அம்மா கண்ணுக்கு மேல் கையை வைத்து வெயிலை மறைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் முதல் படியில் காலை வைத்ததும் எழுந்திருக்கப் போனாள், முடியவில்லை, நாற்காலியிலேயே சரிந்து உட்கார்ந்தாள். அங்கிருந்தே குரல் வந்தது.

"ஏட்டி, செவத்தப் பிடிச்சு இறங்கு. அந்தப் பக்கம் ஒண்ணுமில்ல."